முதலாண்டு நிரலாக்க வகுப்பு: எழுதச் சொல்வதற்கு முன் வாசிக்கச் சொல்லுங்கள்

கேள்வி: கணினி அறிவியல் துறையில் சென்ற ஆண்டு விரிவுரையாளராகச் சேர்ந்தேன். முதலாண்டு நிரலாக்கப் பாடத்தை 120 மாணவர்களுக்கு எடுக்கிறேன். வீட்டில் செய்துவரும் ஒப்படைப்புகள் பிழையே இல்லாமல் வந்து சேர்கின்றன. ஆனால் செய்முறைத் தேர்வில், ஓர் அரேயில் (வரிசையாக அடுக்கி வைத்த மதிப்புகளின் தொகுப்பில்) உள்ள நேர்மறை எண்களுக்கு மட்டும் சராசரி காணும் நிரலை எழுதச் சொன்னபோது, பாதிக்கு மேற்பட்டவர்களால் தொடங்கவே முடியவில்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை முற்றாகத் தடை செய்துவிடலாமா? சி மொழியை விட்டுப் பைத்தானுக்கு மாறினால் நிலைமை சீராகுமா? "நிரலாக்கம் சிலருக்குத்தான் வரும், மற்றவர்களுக்கு எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் வராது" என்று மூத்த ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா?

பதில்: உங்கள் கேள்விகள் மூன்றாக இருந்தாலும் அவற்றுக்கு அடியில் இருக்கும் சிக்கல் ஒன்றே என்று கருதுகிறேன். மாணவர்களால் நிரலை எழுத முடியவில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்கள். பிறர் எழுதிய ஒரு சிறிய நிரலை வாசித்து, அது என்ன செய்யும் என்று அவர்களால் சொல்ல முடிகிறதா என்பதைச் சோதித்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. தடையைப் பற்றியும் மொழிமாற்றத்தைப் பற்றியும் முடிவெடுப்பதற்கு முன் அந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். மாறிக்கு (மதிப்பை வைத்திருக்கும் பெயரிட்ட இடத்துக்கு) மதிப்புக் கொடுப்பது, ஒரு நிபந்தனை, ஒரு லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) ஆகியவை மட்டும் அடங்கிய, பத்து வரிக்கு மேற்படாத ஒரு நிரலை அச்சடித்துக் கொடுத்து, கணினியைத் தொடாமல், கடைசி வரி ஓடி முடிந்ததும் ஒவ்வொரு மாறியிலும் என்ன மதிப்பு இருக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். கால் மணி நேரம் போதும். எழுதத் திணறுகிறவர்களில் பலர் வாசிப்பதிலேயே திணறுவதைக் காண்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படி எதிர்பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 2001ஆம் ஆண்டில் மைக்கேல் மெக்ராக்கன் தலைமையில் பல நாட்டு ஆசிரியர்கள் சேர்ந்து, நான்கு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 216 முதல்நிலை மாணவர்களுக்கு ஒரே வகையான நிரலாக்கக் கணக்குகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 110 மதிப்பெண்ணுக்குச் சராசரியாகக் கிடைத்தது 23க்கும் குறைவு. ஒரு சிக்கலைப் பகுத்துத் தீர்வை அமைக்கும் திறன் மாணவர்களிடம் போதவில்லை என்பதே அன்று சொல்லப்பட்ட விளக்கம். 2004இல் ரேமண்ட் லிஸ்டர் தலைமையிலான மற்றொரு குழு, 7 நாடுகளின் மாணவர்களிடம் எதையும் எழுதச் சொல்லாமல், கொடுக்கப்பட்ட நிரல் என்ன விடை தரும் என்று கணிக்கவும், விடுபட்ட வரி எது என்று தேர்ந்தெடுக்கவும் மட்டும் கேட்டது. அதிலும் கணிசமானவர்கள் தடுமாறினார்கள். சிக்கலைத் தீர்க்கும் திறனைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, நிரல் வரிவரியாக எப்படி ஓடுகிறது என்ற புரிதலே பலரிடம் உறுதிப்படவில்லை என்பதை அந்த ஆய்வு காட்டியது. நிரலின் ஓட்டத்தைத் தாளில் பின்தொடரும் திறன், வாசித்ததைச் சொந்த வாக்கியத்தில் விளக்கும் திறன், புதிதாக எழுதும் திறன் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று நெருங்கிய தொடர்புடையவை என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகளும் உறுதிசெய்தன. இவையெல்லாம் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மாணவர் கைக்கு வருவதற்கு முந்தியவை என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

நீங்கள் தேர்வில் கொடுத்த கணக்குக்கே ஒரு வரலாறு உண்டு. 1980களில் யேல் பல்கலைக்கழகத்தில் எலியட் சோலோவேயும் அவருடைய குழுவினரும் இதற்கு மிக நெருக்கமான ஒரு கணக்கைக் கொண்டுதான் தொடக்கநிலை மாணவர்களின் சிந்தனையை ஆராய்ந்தார்கள். அது இன்றுவரை 'மழையளவுக் கணக்கு' என்ற பெயரில் நிரலாக்கக் கல்வி ஆய்வுகளில் வழங்கிவருகிறது. பார்வைக்கு எளிதாகத் தோன்றும் அதற்குள் நான்கு வேலைகள் பின்னிக்கிடக்கின்றன. கூட்டுத்தொகையைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். எத்தனை எண்கள் தேறின என்று எண்ண வேண்டும். வேண்டாத எண்களை விலக்க வேண்டும். ஓர் எண்கூடத் தேறாவிட்டால் பூஜ்ஜியத்தால் வகுக்காமல் தடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்டால் உங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் எழுதிவிடுவார்கள். இந்த நான்கையும் ஒரே லூப்பைச் சுற்றிப் பொருத்தி, எது லூப்புக்கு முன்னே, எது உள்ளே, எது நிபந்தனைக்கும் உள்ளே, எது எல்லாம் முடிந்த பிறகு என்று இடம் பிரித்து வைப்பதுதான் கடினம். பாடநூல்களும் வகுப்புகளும் கட்டளைகளை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்திவிட்டு, இந்தப் பொருத்தும் வேலையை மாணவர் தாமாகவே கற்றுக்கொள்வார் என்று விட்டுவிடுகின்றன. ஆகவே அடுத்த முறை இக்கணக்கைக் கரும்பலகையில் செய்துகாட்டும்போது, முழு நிரலையும் மேலிருந்து கீழாக எழுதிவிடாதீர்கள். கூட்டும் பகுதி, எண்ணும் பகுதி, வடிகட்டும் பகுதி, காக்கும் பகுதி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுத்துத் தனியே எழுதி, பிறகு ஒன்றுக்குள் ஒன்றாக இணைத்துக் காட்டுங்கள். தீர்வின் பகுதிகளுக்கு இப்படிப் பெயர் சூட்டிக் கற்பித்தால் மாணவர் புதிய கணக்கிலும் அதே பகுதிகளை அடையாளம் காண்பது எளிதாகிறது என்று மார்க் கஸ்டியால், லாரன் மார்குலியூ ஆகியோரின் ஆய்வுகள் தெரிவிக்கின்றன.

வாசிப்பு என்று நான் சொல்வதைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் மாணவர் மனத்தில் கணினி எப்படி இயங்குகிறது என்ற படம் நாம் நினைப்பதைப் போல வெறுமையாக இருப்பதில்லை. பெரும்பாலும் தவறான ஒரு படம் அங்கே முன்பே குடியேறியிருக்கிறது. அ என்ற மாறியில் 5, ஆ என்ற மாறியில் 7 இருக்கும்போது, முதலில் 'அ = ஆ' என்றும் அடுத்த வரியில் 'ஆ = அ' என்றும் எழுதினால் இரண்டிலும் 7 இருக்கும். இரண்டு மதிப்புகளும் இடம் மாறிவிடும் என்று எழுதும் மாணவர், சமக்குறியைப் பள்ளிக் கணிதத்தில் கண்ட சமன்பாடாகவே வாசிக்கிறார். அ என்பதில் 7, ஆ என்பது காலி என்று எழுதும் மாணவர், மதிப்பு நகலெடுக்கப்படுவதை ஒரு பொருளை இடம் மாற்றுவதாக நினைக்கிறார். லூப்பின் நிபந்தனை, நடுவரி ஒன்றில் பொய்யாகிவிட்டால் அந்தக் கணமே லூப் நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. நிபந்தனை அதற்குரிய இடத்துக்கு ஓட்டம் திரும்பி வரும்போது மட்டுமே பார்க்கப்படுகிறது என்பதை யாரும் அவர்களுக்குத் தனியாகச் சொன்னதில்லை. ஒரு மாறிக்குப் 'பெரியது' என்று பெயர் வைத்துவிட்டால் அது தானாகவே பெரிய எண்ணைத் தேடி வைத்துக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். எழுதியவரின் உள்நோக்கத்தைப் புரிந்துகொள்ளும் ஒரு மனம் கணினிக்குள் இருப்பதாக மாணவர்கள் தம்மையறியாமல் கருதுகிறார்கள் என்று ராய் பீ என்ற ஆய்வாளர் 1986இலேயே எழுதினார். இந்த நம்பிக்கைகளில் எதுவும் சோம்பலால் வந்ததில்லை. கணிதத்திலும் அன்றாடப் பேச்சிலும் சரியாகப் பயன்பட்ட அறிவை மாணவர் இங்கேயும் கொண்டுவந்து பொருத்துகிறார். அந்த அறிவு இங்கே ஏன் பொருந்தவில்லை என்பதைக் காட்ட வேண்டியது நம் கடமை. இயங்கும் நிரலை மட்டும் பார்த்து மதிப்பெண் போடும்போது இவற்றில் ஒன்றுகூட நம் கண்ணில் படுவதில்லை.

இதற்கு வகுப்பில் செய்யக்கூடியது, முதல் ஆறேழு வாரங்களுக்கு வாசிப்பை மையமாக வைப்பது. ஒவ்வொரு புதிய கட்டளையையும் அறிமுகப்படுத்தியவுடன், அதைப் பயன்படுத்தும் சிறு நிரலைத் திரையில் காட்டி, ஓடவிடுவதற்கு முன்பே விடையை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு கணிப்பை எழுத்தில் பதிந்த பிறகு அது பொய்த்துப்போகும்போதுதான் மாணவர் தம் மனத்திலுள்ள படத்தைத் திரும்பிப் பார்க்கிறார். வெறுமனே விடையைப் பார்த்துக்கொண்டிருப்பவர், தமக்கும் அது முன்பே தெரியும் என்றே எண்ணிக்கொள்கிறார். மாறிகளுக்கு ஒரு நெடுவரிசை, ஓடும் வரிகளுக்கு ஒரு குறுக்குவரிசை என்று அட்டவணை போட்டு மதிப்புகளை வரிவரியாக நிரப்பும் பழக்கத்தைத் தேர்வுத் தாளிலும் எதிர்பாருங்கள். பிலிப் குவோ 2010இல் உருவாக்கிய பைத்தான் டியூட்டர் என்ற இலவசக் கருவி இதே அட்டவணையைப் படமாகக் காட்டும். பெயரில் பைத்தான் இருந்தாலும் சி, ஜாவா நிரல்களையும் அது ஏற்கும். ஆயினும் தாளில் கையால் நிரப்பிப் பழகிய பிறகே அதைக் கொடுங்கள்.

120 பேர் கொண்ட வகுப்பில் இது நடக்குமா என்று நீங்கள் கேட்கக்கூடும். இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991 முதல் ஹார்வர்டில் நடத்திவந்த முறை பெரிய வகுப்புகளுக்கென்றே பொருந்துவது. நான்கு விடைகளுடன் ஒரு கேள்வியைத் திரையில் காட்ட வேண்டும். மாணவர்கள் முதலில் யாரையும் கேட்காமல் ஒரு விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு அருகிலிருப்பவரிடம் தம் விடைக்குக் காரணம் சொல்லி வாதிட வேண்டும். மீண்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் பின்னரே ஆசிரியர் விளக்க வேண்டும். கருவி எதுவும் தேவையில்லை, விரல்களை உயர்த்திக் காட்டினாலே போதும். லியோ போர்ட்டர், சிந்தியா பெய்லி லீ, பெத் சைமன் ஆகியோர் கணினி அறிவியலின் நான்கு பாடங்களில் பத்தாண்டு முடிவுகளை ஒப்பிட்டு 2013இல் வெளியிட்ட ஆய்வில், இம்முறையில் நடத்தப்பட்ட வகுப்புகளில் தோல்வி சராசரியாக 20 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாகக் குறைந்திருந்தது. இதில் வெற்றி முழுக்க முழுக்கக் கேள்வியின் தரத்தைப் பொறுத்தது. தவறான மூன்று விடைகளும் மேலே சொன்ன தவறான நம்பிக்கைகளிலிருந்து பிறந்தவையாக இருக்க வேண்டும். ஏனோதானோவென்று போட்ட எண்களாக இருந்தால் அருகிலிருப்பவரோடு வாதிடுவதற்கு எதுவும் இருக்காது.

வாசிப்பிலிருந்து எழுத்துக்குப் போகும் இடைவெளியும் பெரியது. அதைக் கடக்க, சரியான நிரலின் வரிகளை வரிசை கலைத்துக் கொடுத்து ஒழுங்குபடுத்தச் சொல்லும் பயிற்சி நல்ல பலன் தரும். டேல் பார்சன்ஸ், பாட்ரிசியா ஹேடன் இருவரும் 2006இல் முன்வைத்ததால் அது பார்சன்ஸ் கணக்கு என்று அழைக்கப்படுகிறது. அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும் தரும் தொல்லையிலிருந்து மாணவர் விடுபட்டு, எது எதற்கு முன் வர வேண்டும் என்பதில் மட்டும் மனத்தைச் செலுத்த முடியும். திருத்துவதும் எளிது.

மூத்த ஆசிரியர்கள் சொல்வதை ஏற்க வேண்டியதில்லை. பிறவித் திறன் என்ற அந்தக் கருத்துக்கு ஒரு காலத்தில் ஆய்வுத் துணை இருப்பதாகக் கருதப்பட்டது. நிரலாக்கம் வரக்கூடியவர்களையும் வராதவர்களையும் பாடம் தொடங்குவதற்கு முன்பே ஒரு தேர்வால் பிரித்துவிடலாம் என்று 2006இல் ஒரு கட்டுரை பரவலாகச் சுற்றியது. அதன் ஆசிரியர்களில் ஒருவரான ரிச்சர்ட் போர்னாட் 2014இல் அந்த முடிவை வெளிப்படையாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எலிசபெத் பட்டிட்சஸும் சகாக்களும் ஒரு பல்கலைக்கழகத்தின் 778 கணினி அறிவியல் வகுப்புகளின் மதிப்பெண்களை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டபோது, மாணவர்கள் இரு குவியல்களாகப் பிரிந்திருப்பதாகச் சொல்லத்தக்க வகுப்புகள் 5.8 விழுக்காடு மட்டுமே இருந்தன. பிறவித் திறனை நம்பும் ஆசிரியர்கள், இல்லாத இடத்திலும் இரு குவியல்களைக் காண்கிறார்கள் என்பதையும் அவர்கள் காட்டினார்கள். நம் வகுப்பில் திறமைபோலத் தெரிவது பல நேரங்களில் முன்பழக்கமே. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முன்பழக்கம் இல்லாதவர்களுக்குத் தனித் தொடக்கப் பாடம் வைத்தும், சேர்க்கையில் நிரலாக்க முன்அனுபவத்துக்குக் கொடுத்த முக்கியத்துவத்தைக் குறைத்தும் செய்த மாற்றங்களை அடுத்து, கணினி அறிவியலில் சேர்ந்த பெண்களின் பங்கு 1995இல் 7 விழுக்காடாக இருந்தது 2000இல் 42 விழுக்காடாக உயர்ந்தது. ஐந்தே ஆண்டுகளில் யாருடைய பிறவியும் மாறியிருக்க முடியாது. பாடம் தொடங்கும் முதல் வாரத்தில், இதுவரை நிரல் எழுதியிருக்கிறீர்களா என்று ஒரு சிறு படிவத்தில் கேட்டுவிடுங்கள். பழக்கமுள்ளவர்கள் வகுப்பில் உடனுக்குடன் சொல்லும் விடைகளை வைத்து வேகத்தைக் கூட்டிவிடும் தவறு அதனால் குறையும். புதியவர்களுக்கும், தாம் பின்தங்கியிருப்பது அறிவிலன்று, பழக்கத்தில் மட்டுமே என்பது தெரியும்.

இனித் தடையைப் பற்றி. வீட்டில் செய்யும் வேலைக்குத் தடை விதிக்கலாம், நடைமுறைப்படுத்த முடியாது. ஒரு நிரல் கருவியால் எழுதப்பட்டதா என்று ஐயமறக் கண்டுபிடிக்கும் வழி எதையும் நான் நம்பவில்லை. தவறாகக் குற்றம் சாட்டப்படும் ஒரு மாணவரின் மனம் அந்தப் பாடத்தையே வெறுத்துவிடும். ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் கோடெக்ஸ் என்ற கருவிக்கு ஒரு முதல்நிலைப் பாடத்தின் தேர்வுக் கேள்விகளைக் கொடுத்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், அது 71 மாணவர்களோடு ஒப்பிடும்போது முதல் கால்பகுதிக்குள் இடம்பெற்றது. அதன்பின் வந்த கருவிகள் இன்னும் தேர்ந்தவை. அதாவது, வீட்டிலிருந்து வரும் சரியான நிரல் என்பது மாணவரின் அறிவுக்குச் சான்றாக இருந்த காலம் முடிந்துவிட்டது. இதைக் கண்டு கலங்க வேண்டாம் என்று மனமார வேண்டிக்கொள்கிறேன். நண்பரிடம் பார்த்து எழுதிய காலத்திலும் அது உறுதியான சான்றாக இருந்ததில்லை. மதிப்பெண்ணை எங்கே வைக்கிறோம் என்பதைத்தான் மாற்ற வேண்டும்.

ஒப்படைப்புக்கான மதிப்பெண்ணை மிகச் சிறிதாக்கி, அதைப் பயிற்சி என்று அறிவித்துவிடுங்கள். அதே ஒப்படைப்பை அடுத்த லேப் வகுப்பில் மாணவர் திறந்து வைத்துக்கொள்ள, ஒரே ஒரு மாற்றத்தை அங்கேயே செய்யச் சொல்லுங்கள்: நேர்மறை எண்களுக்குப் பதிலாக ஒரு குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்கும் எண்களை மட்டும் எடுக்க வேண்டும், அல்லது சராசரியோடு மிகப் பெரிய எண்ணின் இடத்தையும் சொல்ல வேண்டும். இணைய இணைப்பு இல்லாமல் பத்து நிமிடத்தில் முடியக்கூடிய மாற்றம் அது. நிரலைத் தாமே எழுதியவருக்கும், கருவியிடம் வாங்கியிருந்தாலும் வரிவரியாக வாசித்துப் புரிந்துகொண்டவருக்கும் அது எளிது. வாசிக்காமல் ஒப்படைத்தவருக்கு எங்கே கை வைப்பது என்றே தெரியாது. நான் சோதிக்க விரும்புவது அந்த வேறுபாட்டைத்தான். எல்லோருக்கும் வைவா நடத்த நேரமிருக்காது என்பதை அறிவேன். லேப் வகுப்பு நடக்கும்போதே சிலரிடம் மூன்று நிமிடம் பேசி, இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டு வந்தால், பருவம் முடிவதற்குள் ஒவ்வொருவரிடமும் ஒருமுறையாவது பேசிவிட முடியும். அடிப்படை வாசிப்பு உறுதிப்பட்ட பிறகு, பருவத்தின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவு எழுதிய நிரல்களை நீங்களே வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். ஒரே கணக்குக்கு அது கொடுத்த இரண்டு தீர்வுகளைத் தந்து, வெற்று அரேயைக் கொடுத்தால் எது உடையும் என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். பணியிடத்தில் அவர்கள் இத்தகைய நிரல்களைத்தான் வாசித்துப் பொறுப்பேற்கப் போகிறார்கள்.

மொழிமாற்றத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கெமெனியும் கர்ட்ஸும் 1964இல் டார்ட்மவுத் கல்லூரியில் பேசிக் மொழியைக் கொண்டுவந்ததும், நிக்லாஸ் விர்த் 1970இல் பாஸ்கலை வெளியிட்டதும் கற்பவருக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். சோலோவே ஆராய்ந்த மாணவர்கள் பாஸ்கலில்தான் தடுமாறினார்கள். பைத்தானில் குறியீட்டுத் தொல்லை குறைவு. ஆண்ட்ரியாஸ் ஸ்டெஃபிக், சூசன்னா சீபர்ட் ஆகியோர் 2013இல் வெளியிட்ட சோதனைகளும் சி வகை மொழிகளின் எழுத்துமுறை தொடக்கநிலையினரை அதிகம் தவறச் செய்வதாகக் காட்டின. ஆகவே துறை அனுமதித்தால் மாறுங்கள், நான் வரவேற்கிறேன். ஆனால் 'அ = ஆ' என்ற வரியைத் தவறாக வாசிக்கும் மாணவர் பைத்தானிலும் அதைத் தவறாகவே வாசிப்பார். அனுமதி கிடைக்காவிட்டால் அதற்காக ஓராண்டு போராடாதீர்கள். பாயின்டரை (நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரியை வைத்திருக்கும் மாறியை) முதல் பருவத்தில் முடிந்தவரை தள்ளிவைத்து, சி மொழியின் சிறிய பகுதி ஒன்றை மட்டும் பயன்படுத்தினாலே பெரும்பகுதிச் சுமை இறங்கிவிடும்.

பாடத்திட்டமும் இறுதித் தேர்வும் உங்கள் கையில் இல்லாதிருக்கலாம். அகமதிப்பீடு பெரும்பாலும் பாடம் எடுப்பவர் கையில் இருப்பதால் அதில் தொடங்குங்கள். வாரம் ஒருமுறை, வகுப்பின் கடைசிக் கால் மணியில், தாளில் ஒரு வாசிப்புக் கேள்வியும், இந்த நிரலின் நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுக என்ற ஒரு கேள்வியும் கொடுங்கள். திருத்தும்போது தவறான விடைகளைக் கழித்துத் தள்ளிவிடாமல், எந்தத் தவறு எத்தனை பேரிடம் வந்தது என்று ஓர் ஏட்டில் குறித்துவையுங்கள். பலரிடம் வந்த தவறை, யாருடையது என்று சொல்லாமல், அடுத்த வகுப்பின் முதல் கேள்வியாகத் திரையில் போட்டு, இப்படி ஒருவர் ஏன் நினைத்திருப்பார் என்று வகுப்பையே கேளுங்கள். பருவ முடிவில் அந்த ஏட்டில் சேர்ந்திருப்பவற்றிலிருந்து அடுத்த ஆண்டுக்கான நான்கு விடைக் கேள்விகளை அமைத்துக்கொள்ளலாம். அதே பாடத்தை எடுக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும் ஒரு படி கொடுங்கள்.